உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும்

1

இந்தக் கதை என் அனுபவம் இல்லை, கைப்பேசியில் கிடைத்தது. சித்தூர் பஸ் புத்தூரில் நின்றிருந்தபோது ஒரு காணொளி பார்த்தேன். ஹவாய்த் தீவுகளில் ஒரு ஹூலா நடனப் பள்ளி.* மாணவிகள் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று பாட்டாகவே கேட்கிறார்கள். ஆசிரியை உள்ளிருந்து பதில் பாடும்வரை ஒருத்தியும் படி ஏறவில்லை. பதில் வந்த பிறகுதான் ஏறினார்கள். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

2

முதல் தொடக்கம்: "திருப்பதியில் கடல் இல்லை என்பதைக் கல்பனா முதன்முதலாக உணர்ந்த அந்த மாலையில்..." வேண்டாம். அழகாக எழுத அலைகிறேன் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது: கல்பனா நகரிக்காரி. (தறிக்காரர் வீட்டுப் பெண் ஹூலாவுக்கு எப்படிப் போனாள் என்பீர்கள். கணவன் பிரபாகருக்கு ஹொனலுலுவில் ஹோட்டல் சமையல் வேலை போட்டுக் கொடுத்தேன். எழுதுகிறவளுக்கு விசாத் தொல்லை இல்லை.) அங்கே அவள் சேர்ந்தது அந்தப் பள்ளியில். ஆடினால் மட்டும் போதாது. பாட்டின் பொருளும் தீவின் மழைகளுக்குள்ள பெயர்களும் கற்க வேண்டும், முதியோர் இல்லங்களுக்குப் போய் ஆட வேண்டும். பிரபாகர் இறந்த பிறகு... பிரபாகர் வேறொருத்தியோடு... [இரண்டையும் அடிக்கிறேன். அவள் தனியாகத் திரும்பினாள். அது போதும்.] இப்போது திருப்பதியில் ஜவுளிக்கடை வேலை, மாடியில் ஒற்றை அறை.

வேலை முடிந்து வந்ததும், தன் பூட்டிய கதவின் முன் நின்று அந்தப் பாட்டைப் பாடுகிறாள். சற்றுக் காத்திருக்கிறாள். பிறகு பையில் சாவியைத் தேடுகிறாள்.

3

ஞாயிற்றுக்கிழமை அவளை ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினேன். வாசலில் நின்று பாடத் தொடங்கினாள். பொறுப்பாளர் கோபிகிருஷ்ணன் பதறி ஓடிவந்தார்.

"எந்துக்கும்மா வெளிய நின்னுக்கினு கீறீங்க? கதவு தெறந்துதான் கீது. லோப்பல ரண்டி, உள்ள வாங்க."

(அவர்மேல் குற்றமில்லை. நம் பக்கத்தில் வாசலில் நின்று அனுமதி கேட்டால் வீட்டுக்காரருக்கு மனம் நோகும்.)

பாட்டு பாதியில் நின்றது. உள்ளே போய் ஆடினாள். கட்டிலில் இருந்த லட்சுமம்மா, கார்வேட்டிநகரத்துக்காரர், அவள் கைகளையே பார்த்தார்.

"இன்னாமா, காத்தப் புடிச்சிக்கினு கீற?"

"அலைம்மா. கடல் அலை."

"கடலு நான் பாத்ததில்ல. மெல்ல காட்டு."

மெல்லக் காட்டினாள். லட்சுமம்மாவின் விரல்களும் போர்வைமேல் அசைந்தன.

"தனியாவா ஆடுவ?"

"அங்க நெறைய பேரும்மா. வெளிய நின்னு பாடுனா உள்ளருந்து டீச்சரு பதில் பாடுவாங்க."

"இங்க?"

"இன்னிக்கி சாயங்காலம் கடைசியா ஒருவாட்டி பாடிப் பாக்கறேன். பதில் வரலன்னா ஆட்டத்தயே உட்டுடுவேம்மா."

4

முடிவு, அ: எதிர் அறைக்காரர் கதவைத் திறந்து பதில் சொல்கிறார். ஆனால் அவரும் அவள் கதவுக்கு வெளியேதான் நிற்பார்.

முடிவு, ஆ: உள்ளே பிரபாகர். நானே அடித்து நீக்கியவனை எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?

முடிவு, இ: நானே பதில் சொல்வது. உண்மையைச் சொன்னால், அதற்காகத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். ரேணிகுண்டாவில் என் கதவையும் நானேதான் திறந்துகொள்கிறேன். விளக்கைப் போடும்வரை இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் எழுதுகிறவள் மாடிப்படியில், கல்பனாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவள். பதில் உள்ளிருந்து வர வேண்டும்.

5

கல்பனா படியேறி வருகிறாள். பையைக் கீழே வைக்கிறாள். பாடுகிறாள். இந்த முறை யாரும் குறுக்கிடவில்லை, முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டாள்.

அறைக்குள் நான் யாரையும் எழுதவில்லை. ஆனால் நீங்கள் யாரையும் கேட்காமல் எப்போதோ கதைக்குள் வந்துவிட்டீர்கள். ஹவாய் மொழி தெரிய வேண்டியதில்லை. "வாம்மா" என்றாலும் போதும்.

அவள் இன்னும் சாவியைத் தேடத் தொடங்கவில்லை.

* பள்ளியின் பெயரைப் பார்ப்பதற்குள் பஸ் கிளம்பி சிக்னல் போய்விட்டது.