ஆறு பவுண்டு

என் தங்கை தோற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்ட நினைக்கிறவர்கள் வரிசையில் வரட்டும், முதல் ஆளாக நானே நிற்கிறேன்.

டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டுவது என் தொழில். மட்டையின் நடுவே வலை மாதிரிப் பின்னியிருக்கிறதே, அதைத்தான் நரம்பு என்கிறோம். பெரிய போட்டிகளில் இதற்கென்று பொதுவாக ஆட்கள் இருப்பார்கள். ஆனால் என் தங்கைக்கு நான் கட்டினால்தான் ஆச்சு. வேறு யாராவது கட்டியதைத் தொட்டால் கை கூசுகிறது என்பாள். இருபத்தொன்பது வயதாகிறது, வீட்டில் இன்னும் பாப்பாதான். அவளுக்கு ஐம்பத்திரண்டு பவுண்டு இறுக்கம் வேண்டும். இறுகக் கட்டினால் பந்து சொன்னபடி கேட்கும். இளகினால் துள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போகும். ஒரு பவுண்டு மாறினாலும் அவள் கைக்குத் தெரிந்துவிடும்.

ஒரு காலத்தில் நான் கட்டுவதும் அவள் உடைப்பதுமாகத்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. ஒரு பந்து வெளியே போனால் போதும், மட்டை தரையில் நொறுங்கும். நானும் சும்மா இருப்பவன் இல்லை. "உடைக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம் கட்டச் சொல்ற, குச்சி வாங்கித் தரேன், அதை உடை," என்று கத்துவேன். எங்கள் வீட்டில் எல்லாருக்குமே மூக்குக்கு மேல் கோபம் வரும், அம்மாவைத் தவிர.

அம்மா பள்ளி வேன் ஓட்டினாள். மகளின் ஆட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. தான் பார்த்தால் மகள் தோற்றுவிடுவாள் என்று வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு போட்டியில், ஜெயிக்க ஒரே ஒரு கேம் பாக்கி இருந்தபோது மழை வந்து ஆட்டம் நின்றது. அந்த இடைவேளையில் பாப்பா செல்போனைப் பார்த்துத் தொலைத்தாள். அம்மாவின் வேன் சுவரில் மோதிவிட்டது என்று செய்தி. அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் பாப்பா திரும்பி வந்து ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. கையில் இருந்ததை விட்டுவிட்டு வந்தாள்.

"இனிமே போட்டி நடக்கறப்ப யாருக்கு என்ன ஆனாலும் எங்கிட்ட சொல்லாத," என்றாள். "தோத்த பிறகு சொல்லு. எப்படியும் ரெண்டாவது சுத்துல தோத்துடுவேன், நீ ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து போட்டி தொடங்கிவிட்டால் அவள் செல்போன் என் பைக்குள் வந்துவிடும். சீக்கிரம் தோற்கிறவளுக்கு ஏற்ற விதி அது. அவள் ஜெயித்துக்கொண்டே போனால் என்ன செய்வது என்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த வருட கிராண்ட்ஸ்லாமில் பாப்பா வேறு ஆளாக இருந்தாள். கடந்த இரண்டு வருடமாகவே மாறிக்கொண்டுதான் வந்தாள். தப்பு செய்தால் பின்சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். நரம்புகளை ஒவ்வொன்றாக விரலால் நேராக்குவாள். மூச்சை இழுத்து விட்டுத் திரும்பும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. "போன பந்து போச்சு, அடுத்தது மட்டும்தான் என்னோடது," என்பாள். இதைச் சொல்லித் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செய்து காட்டியது எனக்குத் தெரிந்து இவள்தான்.

திங்கட்கிழமை முதல் சுற்றில் ஜெயித்தாள். செவ்வாய்க்கிழமை சித்தியிடமிருந்து அழைப்பு வந்தது. அம்மாவுக்கு மூச்சுத் திணறல், இதயம் பலவீனமாகிவிட்டது, தீவிர சிகிச்சையில் சேர்த்திருக்கிறார்கள். சித்தி செல்போனை அம்மாவின் வாயருகே பிடித்தாள்.

"பாப்பாகிட்ட சொல்லாதடா. அவ ஆடட்டும்," என்றாள் அம்மா.

நான் சொல்லவில்லை. புதன்கிழமை இரண்டாவது சுற்றிலும் ஜெயித்தாள். வெள்ளிக்கிழமை மூன்றாவது சுற்று. அதற்கு முன் எந்தக் கிராண்ட்ஸ்லாமிலும் அவள் மூன்றாவது சுற்றில் நின்றதே இல்லை, அதையும் ஜெயித்தாள். ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் மறுபடியும் சித்தி.

"டாக்டர் கைய விரிச்சுட்டாரு. அக்கா இப்ப பாப்பாவை வரச்சொல்லுன்னு கேக்கறா. வாய் திறந்தா அதுதான். சொல்லிட்டியா இல்லையா?"

"சொல்லிட்டேன் சித்தி. வர்றேன்னா."

ஏன் அப்படிச் சொன்னேன்? விதியைக் காப்பாற்றினேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். பொய். எனக்குப் பயம். பன்னிரண்டு வருடம் காத்துக் காத்து இப்போதுதான் அவளுக்கு நேரம் கூடி வந்திருக்கிறது. அதை என் வாயால் நிறுத்தினால், காலம் முழுக்க அவள் பார்வையில் அந்த ஆட்டம் நிற்கும். அவளாகவே தோற்றுவிட்டால் யார் மேலும் பழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை விமானத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் பதிவு செய்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்காவது சுற்று ஆட வேண்டியிருந்தது. எதிரில் தரவரிசையில் மூன்றாம் இடத்துக்காரி. தோற்பாள் என்றுதான் ஊரே சொன்னது. எனக்கு அதுவும் போதவில்லை.

சனிக்கிழமை காலை, பார்வையாளர் வரிசைகளுக்குக் கீழே இருந்த நரம்பு கட்டும் அறையில் உட்கார்ந்து, அவளுடைய ஆறு மட்டைகளையும் நாற்பத்தாறு பவுண்டில் கட்டினேன். ஆறு பவுண்டு குறைத்தேன். பக்கத்து இயந்திரத்தில் இருந்தவர் எண்ணைப் பார்த்து, "என்ன, இவ்வளவு இளக்கமா?" என்றார். "உங்க வேலையைப் பாருங்க," என்றேன். மனுஷன் அப்புறம் என் பக்கமே திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேகமூட்டம், குளிர்ந்த காற்று. முதல் செட்டில் அவள் அடித்த பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் போயின. ஒரு மட்டையை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. நரம்பைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து நான் இருந்த பக்கம் பார்த்தாள். நான் ஷூ கயிறு கட்டக் குனிந்துகொண்டேன். இரண்டுக்கு ஆறு, செட் போனது. பழைய பாப்பாவாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் இரண்டு மட்டையாவது நொறுங்கியிருக்கும். நொறுக்கு, நொறுக்கு என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் நொறுக்கவில்லை. பின்சுவரைப் பார்த்துத் திரும்பினாள். வீச்சைக் குறுக்கினாள். பந்தைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துச் சுழலவிட ஆரம்பித்தாள். அது வலைக்கு மேல் உயரமாகப் போய்க் கோட்டுக்குள் சட்டென்று இறங்கியது. இளகிய நரம்பு தந்த துள்ளலைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டாள். எதிராளி தடுமாறினாள். இரண்டாவது செட் ஆறுக்கு ஆறு என்று சமமாகி டை-பிரேக்குக்குப் போனது. கூட்டம் எழுந்து நின்றபோது என் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது.

"போயிட்டாடா," என்றாள் சித்தி. பின்னால் ஏதோ கருவி கூவிக்கொண்டிருந்தது. "பாப்பா வந்துட்டிருக்கா, வந்துட்டிருக்கான்னு சொல்லிச் சொல்லித்தான் பிடிச்சு வச்சிருந்தேன்."

சுற்றிலும் கைதட்டல். செட்டை பாப்பா எடுத்துவிட்டாள். நான் செல்போனை அணைத்துவிட்டுக் கைதட்டினேன். கேமரா எங்கள் பக்கம் திரும்பியிருந்தது, என் முகத்தைப் பார்த்து அவள் ஆட்டத்தை விட்டுவிடக்கூடாது என்று தட்டினேன். இனி அவள் தோற்றுத்தான் என்ன ஆகப்போகிறது? கண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்தவர் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து முதுகைத் தட்டினார். மூன்றாவது செட் ஆறுக்கு நான்கு. பாப்பா காலிறுதிக்குப் போய்விட்டாள்.

வியர்வையோடு நேராக நரம்பு அறைக்குத்தான் ஓடி வந்தாள்.

"குளிர்ல நரம்பு இறுகிடும்னுதானே குறைச்ச? முதல் செட் முழுக்க மண்டை காய்ஞ்சு போச்சுண்ணா. அப்புறம் நினைச்சேன், அண்ணன் காரணம் இல்லாம எதையும் செய்யமாட்டான். உன்னை நம்பித்தான் ஆட்டத்தையே மாத்தினேன்."

"பாப்பா, உக்காரு," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை, சித்தியிடம் சொன்ன பொய், ஆறு பவுண்டு, எல்லாம். அவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எப்போ?"

"ரெண்டாவது செட் முடியறப்ப."

"என்னை வரச்சொன்னாங்களா, நிஜமா?"

"மூணு நாளா."

துண்டை நான்காக மடித்தாள். பிறகு, "நான் தோத்திருந்தா, ஏன் தோத்தேன்னு சொல்லியிருப்பியா?" என்றாள்.

"மாட்டேன்."

தலையை ஆட்டிக்கொண்டாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம், எனக்கு அது தேவையாக இருந்தது. அவள் போட்டி அலுவலகத்துக்குப் போய், காலிறுதியிலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலையே கிளம்பினோம். பதினோரு மணி நேரப் பயணம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பாப்பா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படி ஓர் அழுகை அழுதாள். சித்தி அவளைத் தொடவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"மூணு நாளா வாசலையே பாத்துட்டிருந்தாடி. சொன்னவுடனே கிளம்பியிருந்தா முகத்தைப் பாத்திருக்கலாமே. உனக்கு அந்தப் பந்துதான் பெருசாப் போச்சா?"

பாப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணன் அன்னைக்கே சொன்னான் சித்தி," என்றாள். "நான்தான் ஆடி முடிச்சுட்டு வர்றேன்னு சொன்னேன்."

அங்கே இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். ஏழு மாதம் ஆகிறது. சித்தி இன்னும் அவளோடு பேசுவதில்லை. என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள்.