எஃப்.சி.க்குப் போட்ட டயர்

மண்டி மொஹல்லாவில் இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தாலே சண்டை வருகிற சந்து அது. அதில் ஒரு டாக்ஸியை ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு சக்கரங்களையும் கழற்றிக்கொண்டிருந்தான் கவின்ராஜ். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஆளுக்கொரு வசவு கொடுத்துவிட்டுப் போனார்கள். இதே நான்கையும் காலையில் மாட்டியவனும் அவன்தான்.

இடையில் நடந்தது இவ்வளவுதான். அன்று வண்டிக்கு எஃப்.சி. எடுக்கும் நாள். வாடகைக் கார் ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுக்கிற சான்று அது. கவின்ராஜ் ஓட்டுகிற வண்டியின் டயர்களோ தேய்ந்து மொட்டையாகி, முன்பக்கம் ஒன்றில் நூலே தெரிந்தது. அதனால் ஓனர் ரத்தினசாமி தன்னுடைய புதுக் காரின் டயர்களை ஒரு வேளைக்கு மட்டும் இதில் மாட்டச் சொன்னார். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, பிரேக் அடிக்கச் சொல்லி, தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். புது டயரைப் பார்த்தவர் என்ன குறை சொல்வார்? காகிதம் கைக்கு வந்துவிட்டது.

"நாளைக்கு மாதேஸ்வரன் மலை டிரிப்புங்கண்ணா. இந்த டயரு ரெண்டு நாளைக்கு இதுலயே இருக்கட்டுங்க. மழை வேற புடிச்சிருக்குது" என்றான் கவின்ராஜ்.

"அந்தக் கார் நாளைக்கு ஏர்போர்ட் போகணும். சும்னிரு மாராயா, பேசாம இருப்பா. எஃப்.சி. கையில இருக்கு, அப்பறம் என்ன பயம்? அடுத்த மாசம் புதுசு போட்டுடலாம்."

"தீவாளிக்கு முன்னாலயும் அடுத்த மாசம்னுதானுங்க சொன்னீங்க."

ரத்தினசாமி திரும்பி, ஆபீஸ் அறைக்குள் இருந்த பீரோவைப் பார்த்தார். கவின்ராஜும் பார்த்தான். அவனுடைய ஒரிஜினல் லைசென்ஸ் அதற்குள்தான் இருந்தது. வேலைக்குச் சேருகிற டிரைவரிடம் அதை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது ரத்தினசாமியின் பழக்கம். செல்போனில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இவனும் ஒன்றரை வருஷமாக ஓட்டுகிறான். வேறு ஓனரிடம் போனால் ஒரிஜினல் எங்கே என்பார்கள். தொலைந்திருந்தால் போலீசில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கலாம். இருக்கிற இடம் இத்தனை நன்றாகத் தெரிந்த பொருளைத் தொலைந்துவிட்டது என்று எப்படி எழுதுவான்? பொறியில் சிக்குகிற எலிக்காவது ஒரு தேங்காய்த் துண்டு கிடைக்கிறது. இவனுக்கு அதுவும் இல்லை.

ராமாபுரத்தில் மனைவி தமிழ்ப்ரியா ஆறு மாதக் கர்ப்பிணி. வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. மொட்டை டயர்களை மறுபடி மாட்டி, நட்டுகளை இறுக்கினான்.

மறுநாள் காலை சவாரிக்கு வந்தவள் சொர்ணலதா. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அம்மா சித்தம்மாவுக்கு மலையில் ஒரு வேண்டுதல். ஐந்து வயது மகள் தன்மயியும் கூட வந்திருந்தாள்.

"எஃப்.சி.யக் கொஞ்சம் காட்டுங்க. தப்பா நினைக்காதீங்க, ஆபீஸ்ல பார்த்துப் பார்த்து எனக்கு இது பழகிப்போச்சு" என்றாள் சொர்ணலதா.

கவின்ராஜ் காட்டினான். அவள் தேதியைப் படித்தாள். முகம் தெளிந்தது.

"நேத்துத்தான் எடுத்திருக்காங்க. பயமில்லம்மா, ஏறுங்க."

டயர் விஷயம் அவனுக்கு வாய்வரை வந்தது. பீரோ ஞாபகமும் கூடவே வந்தது. கதவை மட்டும் சாத்தினான். உண்மையில் அவனுக்கு வெட்கமாக இருந்தது, அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கொள்ளேகால் தாண்டி, ஹனூரும் தாண்டிய பிறகு மழை வலுத்தது. கௌதள்ளி அருகே ஒரு மாடு குறுக்கே வந்தது. கவின்ராஜ் பிரேக்கை அழுத்தினான். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய் ரோட்டோரச் சேற்றில் இறங்கியது. சித்தம்மா மாதேஸ்வரனைக் கூப்பிட்டாள். தன்மயியின் நெற்றி முன்சீட்டில் இடித்துப் புடைத்துவிட்டது.

வண்டியைச் சேற்றிலிருந்து எடுத்து, ஊர்ந்தபடியே தாளபெட்டாவரை கொண்டுவந்து நிறுத்தினான். அங்கிருந்துதான் மலை வளைவுகள் தொடங்குகின்றன.

"நேத்து எஃப்.சி. ஆன வண்டி இப்படி ஏன் வழுக்குது?" என்றாள் சொர்ணலதா.

இதற்கு மேல் அவனால் முடியவில்லை. "எஃப்.சி.க்கு வேற டயருங்க மேடம். முடிஞ்சதும் கழட்டிட்டு இந்த மொட்டை டயரைத்தான் மாட்டினது."

அவள் மழையில் இறங்கி, குனிந்து முன் டயரைத் தொட்டுப் பார்த்தாள். நூல் விரலில் தட்டியது.

"மாத்தினது யாரு?"

"ஓனர் சொன்னாருங்க."

"சொன்னது அவரு. கழட்டி மாட்டினது யாருன்னு கேக்கறேன்."

கவின்ராஜ் தலை குனிந்தான். "நான்தானுங்க."

"அந்தக் காகிதத்த நம்பித்தான் எம் பொண்ண ஏத்தினேன்" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்போது போன் அடித்தது. ஜி.பி.எஸ்.ஸில் வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டு ரத்தினசாமிதான் கூப்பிட்டார்.

"ஏன் நிக்குது வண்டி?"

"மலை ஏத்தமாட்டேனுங்கண்ணா. வழுக்குது. இவங்கள பஸ்ஸுல அனுப்பறேன்."

"மழையில யாருமே ஏறலையா? மெல்ல ஏத்து. இல்லேன்னா லைசென்ஸ் கேட்டு எங்கிட்ட வராதே."

வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி இறங்கி வந்தது. காருக்குள் பாட்டியின் மடியில் தன்மயி நெற்றியைப் பிடித்துக்கொண்டு இன்னும் விசும்பிக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் இல்லாமல் அடுத்த வாரம் என்ன செய்வது என்று கவின்ராஜுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஆனாலும் போனை வைக்காமலே வண்டியின் சாவியைத் திருப்பி எடுத்தான்.

"லைசென்ஸ நீங்களே வெச்சுக்கங்கண்ணா. டயரு சரியில்லன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பின்னால உக்காந்து வர்றவங்களுக்குத்தான் தெரியாது. ஓட்டக்கூடாத வண்டின்னு தெரிஞ்சே ஓட்டிப்போட்டு, ஓனர் சொன்னாருன்னு கை காட்டக் கூடாதுங்க. ஸ்டியரிங்கப் புடிச்சவனும்தான் பதில் சொல்லோணும்."