தலைமைச் செவிலிக்கு ஒரு நன்றித் திரை

"நாளையோட பெத்து முப்பது நாள் முடியுது. ஆஸ்பத்திரிக்கு நன்றித் திரை குடுத்தே ஆகணும்," என்றாள் ஷூபிங்கின் மாமியார் கூ, இஞ்சி போட்ட கோழிச்சாற்றை நங்கென்று வைத்து. "எதிர்வீட்டுக்காரி குடுத்துட்டா. நாம குடுக்கலன்னா மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

சீனாவில் எங்கள் ஹூனான் பக்கத்தில், சிவப்பு வெல்வெட்டுத் திரையில் நன்றி வாசகத்தைப் பொன்னெழுத்தில் பதித்துக் கொடுக்காதவர்களை நன்றி கெட்டவர்கள் என்பார்கள்.

ஷூபிங் கிண்ணத்தைத் தொடவில்லை. "அங்க எனக்கு என்ன நடந்துச்சுன்னு சொன்னேனே அத்தை?"

"பிரசவ வார்டுன்னா நாலு பேச்சு இருக்கத்தான் செய்யும். புள்ள நல்லபடியா வந்துச்சுல்ல?"

நாலு பேச்சாம்! கதவைத் திறந்து போட்டு, இடுப்புக்குக் கீழே துணியில்லாமல் கிடத்தி, போகிறவன் வருகிறவனெல்லாம் பார்க்க விட்டார்கள். போர்வை கேட்டதற்குத் தொடையில் பளாரென்று அறை விழுந்தது. அடித்தவள் தலைமைச் செவிலி தூ. அடித்த கையோடு அவள் சொன்னதை நினைத்தால் ஷூபிங்குக்கு இன்றும் உடம்பு எரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் புகார் சொன்னபோது, "போய்ப் புள்ளையப் பாரும்மா" என்று வைத்துவிட்டார்கள்.

"சரி அத்தை. திரைக்கு நானே சொல்லிடறேன்."

மாமியாருக்கு வாயெல்லாம் பல்.

திரைக் கடைக்காரர் போனில் இரண்டு தடவை கேட்டார். "வாசகம் இதேதானாம்மா? எல்லாரும் 'கருணையின் வடிவம்'னுதானே போடுவாங்க?"

"ஒரு எழுத்துகூட மாறக்கூடாது."

இரண்டு நாள் கழித்து ஷூபிங்கும் மாமியாரும் சுருட்டிய திரையோடு வர, ஆஸ்பத்திரி நடையில் செவிலிகள் கூடினார்கள். பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகள் பெஞ்சுகளில் இருந்தார்கள். தூ தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வழக்கப்படி திரையை நெஞ்சுக்கு நேரே, எழுத்து வெளிப்பக்கம் தெரிய விரித்துப் பிடித்துப் படத்துக்குச் சிரித்தாள். பிடித்திருந்தவள் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. எதிரே இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

படம் எடுத்தவள் போனைத் தாழ்த்தினாள். பெஞ்சிலிருந்து ஒருத்தி உரக்கப் படித்தாள்:

"'படுக்கும்போது இனிச்சுதுல்ல, இப்ப என்னடி கத்தல்?' பிரசவ அறையில் தலைமைச் செவிலி தூ அருளிய பொன்மொழி. கேட்டவள் மூன்றாம் கட்டில் ஷூபிங்."

தூவின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"அய்யய்யோ, குடும்ப மானத்த வாங்கிட்டியேடி!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் மானத்த இவங்க கதவத் திறந்துபோட்டு வாங்கினப்போ நீங்க சாறு காய்ச்சிட்டு இருந்தீங்க அத்தை. இப்ப போறது இவங்களுது." சொல்லும்போது ஷூபிங்குக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை மறைக்க அவள் முயலவுமில்லை.

தூ திரையைச் சுருட்டப் போனாள். நிறைமாதக்காரி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்து, வெல்வெட்டின் ஓரத்தைப் பற்றினாள்.

"சுருட்டாதீங்க. பின்னாடி உக்காந்திருக்கவங்க இன்னும் படிக்கல."