கால் சுற்று

பழைய காரை விற்கக் கொடுத்த விளம்பரத்தில் "பாதி முடிந்தது" என்று போட்டிருந்தான் வெண்டல். அதைப் பார்த்து வாங்க வந்து ஷெட்டுக்குள் நுழைந்த நோலன் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பாதியா? பெரியவரே, உங்க கணக்கு வாத்தியார் யாரு?"

அவன் சிரித்ததில் தப்பில்லை. எழுபதாம் வருஷத்து ஷெவெல், மசில் கார் என்றால் ஊரே திரும்பிப் பார்க்கிற ரகம், சக்கரம் இல்லாமல் நான்கு முட்டுகளின்மேல் உட்கார்ந்திருந்தது. கதவுகள் சுவரில் சாய்ந்திருந்தன. சீட்டுகள் பரண்மேல். நட்டும் போல்ட்டும் காபி டப்பாக்களில். ஒவ்வொரு டப்பாவின் மேலும் மகன் பிரென்ட்டின் கோணல் எழுத்து: "இடது கதவு", "ஹீட்டர்", "இது என்னன்னு அப்பாவுக்குத்தான் தெரியும்". நோலன் அதைப் படித்துவிட்டு மறுபடி சிரித்தான். வெண்டலுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஃபிளின்ட் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் கார்களுக்குக் கதவு மாட்டிய கை அவனுடையது. இப்போது அந்தக் கை காபிக் கோப்பையைப் பிடித்தாலே ஆடுகிறது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் தெரிந்து என்ன பண்ணுவது. வசந்தம் வந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் ஊருக்குப் போக வேண்டும். காரை வித்துடலாமா என்று கேட்டபோது, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மனைவி மேக்சின் நிமிராமலே, "வித்துடு" என்றாள். அவளுக்கு இந்தக் காரைக் கண்டாலே ஆகாது என்றுதான் அவன் நினைத்திருந்தான். பிரென்ட் போனபிறகு அவள் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

நோலன் மூலையில் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையைத் தூக்கினான். தாங்கியின்மேல் எஞ்சின். அப்பனும் பிள்ளையும் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பிரித்துக் கோத்தது.

"இதைப் பொறுத்துதான் எல்லாம். சுத்துச்சுன்னா முடிச்சு ரோட்ல விடுவேன், நிஜமா. ஜாம் ஆயிருந்துச்சுன்னா கோச்சுக்காதீங்க, கதவு வேற, பானெட் வேறன்னு கழட்டி வித்துடுவேன். கடைசியா எப்ப சுத்துனீங்க?"

வெண்டல் சுவர் ஆணியில் தொங்கிய நீளக் கம்பியைக் காட்டினான். ஓடாத எஞ்சினைச் சும்மா விட்டால் உள்ளே துரு பிடித்து இறுகிவிடும். அவ்வப்போது சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்ற வேண்டும். ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் பிரென்ட் நீளக் கம்பியை மாட்டி ஒரு கால் சுற்றுச் சுற்றுவான். அதன்பிறகுதான் சாப்பாடு. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில், பனி உறைந்த நெடுஞ்சாலையில் அவன் வண்டி சறுக்கியது. அன்றிலிருந்து வெண்டல் அந்த உறையைத் தொடவில்லை. ஆறு வருஷம். இரும்பு என்ன, துக்கம் விசாரித்துவிட்டுத் துருப்பிடிக்காமல் இருக்குமா? பிள்ளையின் காரைத் தானே கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

நோலன் கம்பியை மாட்டிப் பல்லைக் கடித்து ஒரு இழு இழுத்தான். எதிர்பார்த்த முரண்டு இல்லாமல் அது வழுக்கிக்கொண்டு சுற்றியதில் தடுமாறி விழப்பார்த்தான்.

"அட! வெண்ணெய் மாதிரில்ல போகுது. பெரியவரே, குழந்தை மாதிரி வெச்சிருக்கீங்களே. அடையாளம்கூட போட்டு வெச்சிருக்கீங்க. ஆனா கலரு..."

வெண்டல் குனிந்து பார்த்தான். எஞ்சினின் முன்பக்கத்துச் சுழல்சக்கர விளிம்பில், கால் சுற்றுக்கு ஒன்றாக நான்கு பொட்டுகள். ரோஸ் நிற நகப்பூச்சு.

சமையலறைக்குப் போனான். மேக்சின் ஜன்னலோரம் நின்று ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போலேருந்து?"

"அவனை அடக்கம் பண்ணுன மறு ஞாயித்துக்கிழமைலேருந்து. நீ குட்டித்தூக்கம் போடுவியே, அப்போ."

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"நீ அந்தப் பக்கம் தலைவெச்சே படுக்கலை. உன்னைக் கிளறி விடவேணாம்னு பாத்தேன்."

"அப்போ வித்துடுன்னு எதுக்குச் சொன்னே?"

"ஷெட்டைத் தாண்டி குப்பை போடப் போறப்பக்கூட நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறே, வெண்டல். நான் பாக்குறேன்ல."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஒரே வீட்டில் ஆறு வருஷம், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். "இப்பகூட வேணாம்னு சொல்லிடலாம்" என்றான்.

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். அவை மடியில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தன. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

"தம்பி, முடிப்பியா?"

"முடிப்பேம்மா."

"அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை கால் சுத்து. நாலு சொட்டு எண்ணெய். மறந்துட்டேன் கிறந்துட்டேன்னு சொன்னே, உன் ஊரு சாகினாவுக்கே வந்து காதைத் திருகுவேன்."

நோலன் சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். சாயங்காலத்துக்குள் காபி டப்பாக்கள் உட்பட எல்லாம் டிரெய்லரில் ஏறிப் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு மேசைக்கு வந்தும் மேக்சினைக் காணோம். வெண்டல் ஷெட்டுக்குப் போனான். ஆணியில் மாட்டியிருந்த நீளக் கம்பியைக் கொடுத்தனுப்ப அவள் மறந்திருந்தாள், அல்லது மறக்கவில்லை. வெறும் சிமெண்டுத் தரையின் நடுவே அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் போய் மறுநுனியைப் பிடித்துக்கொண்டான். அவன் கையின் நடுக்கம் கம்பி வழியாக அவள் கைக்கும் போனது. அவள் விடவில்லை.