இடது பக்கம் கொஞ்சம் கம்மி

லைல் ஹோவ்லண்ட் நாற்பது வருடம் அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கிற டுலூத் நகரத்துக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர். ஊரார் கண்ணில் அரை டிகிரி பிசகைக்கூட விட்டுவைக்காத மனிதர், ஓய்வு பெற்றதும் அதே அரை டிகிரியைத் தன் இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிளில் தேட ஆரம்பித்தார். கிடைத்தது. தேடுகிறவர்களுக்கு அது கிடைக்காமல் போனதே இல்லை.

விஷயம் இதுதான். இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடுகிற ஊசி, எதிரே இருந்து பார்த்தால் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். இடமோ வலமோ துளி சாய்ந்தாலும் பாட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும் என்பது லைல் சேர்ந்திருந்த இசைத்தட்டுப் பைத்தியங்களின் கூட்டத்துக்கு மத நம்பிக்கை. லைல் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தட்டின் மேல் வைத்து, அதன்மேல் ஊசியை இறக்குவார். ஊசியைத் தாங்குகிற கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் நடக்கக் கூடாது. வீட்டில் நடப்பதற்கு இருந்ததே மனைவி மார்வா ஒருத்திதான்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. செய்த மாற்றம் நிஜமா பிரமையா என்று சந்தேகம் வந்தால், மனைவிதான் கடைசி சாட்சி. "நான் வாயே தெறக்கல, சமையலறையில இருந்தவ தானா வந்து வித்தியாசம் தெரியுதேன்னா" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சோபா வாங்குவதிலோ கார் வாங்குவதிலோ அந்த மனைவிமாருக்கு இந்த மரியாதையில் கால்வாசி கிடைத்ததாகத் தகவல் இல்லை.

போன ஜூலையில் மார்வா பாத்திரம் துடைத்துக்கொண்டே, "இடது பக்கம் கொஞ்சம் கம்மியா கேக்குதே" என்று சொல்லித் தொலைத்தாள்.

அன்றிலிருந்து எட்டு மாதம். லைல் மயிரிழை அளவு திருகுவார், "இப்ப?" என்பார். "இன்னும் கம்மிதான்" என்பாள். இன்னொரு மயிரிழை. கார்ட்ரிட்ஜை விற்றவர் வர்ஜில் மாக்கி, முப்பது வருட நண்பர். கோணலான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று லைலுக்கு உள்ளுக்குள் எரிச்சல். மினசோட்டாக்காரர்கள் சண்டை போட மாட்டார்கள். "பரவாயில்ல வர்ஜில்" என்று சொல்லிவிட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கத் தனியாகப் போனார். கோபம் என்று வர்ஜிலுக்குப் புரிய அது போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை மார்வா காது டாக்டரிடம் போனாள். இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது, திரும்பி வராது, மீதியும் மெல்லப் போகும் என்றார் டாக்டர். கேட்கும் திறனைக் கோடாகக் காட்டும் ஒரு வரைபடத்தையும் கொடுத்து அனுப்பினார். மார்வாவுக்குப் பயமாக இருந்தது. அதைவிட, இந்த வீட்டில் தன் பேச்சு எடுபட்ட ஒரே விஷயமும் பொய்யாகிவிட்டதே என்பதுதான் அதிகம் வலித்தது. இதைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. வரைபடத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம், தான் விற்ற சரக்கைத் தானே பார்த்துவிடுவது என்று வர்ஜில் பூதக்கண்ணாடியோடு வந்தார். மார்வா மதியச் சாப்பாட்டுக்கு ஹாட்டிஷ் செய்திருந்தாள். யாரும் அதைத் தொடவில்லை.

வர்ஜில் குனிந்து பார்த்தார். "என்னடா இது? பைசா கோபுரம் பிச்சை வாங்கணும். தட்டெல்லாம் தேஞ்சிடுமேடா."

"நேரா வெச்சா இடது பக்கம் கம்மியா கேக்குது."

"எந்த மேதாவி சொன்னது?"

"மார்வா."

வர்ஜில் நிமிர்ந்தார். சாட்சி வேறு யாராக இருந்தாலும் வாதாடியிருப்பார். "அப்ப என் சரக்குலதான் கோளாறு," என்றார். "கழட்டிக் குடு. எடுத்துக்கறேன்." சொன்னவரே திருப்புளியையும் எடுத்தார்.

மார்வாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அதைக் கீழ வை வர்ஜில். உன் சரக்கு நல்லாத்தான் இருக்கு. கோளாறு எனக்கு." வரைபடத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

இரண்டு நரைத்த தலைகளும் அதன்மேல் கவிழ்ந்தன. ஒலிபெருக்கிகளின் வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள்.

"மூவாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல சரிவு," என்றார் வர்ஜில்.

"வலது பக்கம் பாரு. என்னா சீரு," என்றார் லைல், மெச்சிக்கொண்டு. "இது எந்த கம்பெனி?"

"உன் பொண்டாட்டிடா," என்றார் வர்ஜில்.

லைலின் முகம் மாற அரை நிமிடம் ஆயிற்று. அரை டிகிரியைக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு அது நீண்ட நேரம்தான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வியாழக்கெழம."

"ரெண்டு நாளா ஏன் சொல்லல?"

"கண்ணாடி வெச்சிப் பாத்துட்டிருந்தே. நடக்காதேன்னே. நின்ன எடத்துலயே நின்னுட்டேன்."

லைல் வர்ஜில் பக்கம் திரும்பி, "நேராக்கு," என்றார். வர்ஜில் கார்ட்ரிட்ஜை நிமிர்த்தினார். ஐந்து நிமிட வேலை.

அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் சரி நடுவில், நான்கு கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தது. லைலின் பேரன்கூட அதை நகர்த்தியதில்லை. லைல் குனிந்து நான்கு டேப்பையும் பிய்த்தார். மார்வாவை அதில் உட்கார வைத்து, நாற்காலியோடு இடது பக்கம் தள்ளினார். வர்ஜில் ஊசியை இறக்கினார்.

"இப்ப?"

"இன்னும் கம்மிதான்."

தள்ளினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

நாற்காலி இடது ஒலிபெருக்கியை முட்டாத குறை. நல்ல காதுள்ள எவனும் அங்கே ஒரு நிமிடம் உட்கார மாட்டான்.

"நடுவுல வந்திருச்சு," என்றாள் மார்வா. அவள் கண் கலங்கியிருந்தது.

இசை ஓடும்போது பேசினார் என்பதற்காக ஒரு பாதிரியாரையே இந்தக் கூட்டம் ஒதுக்கி வைத்ததுண்டு. அந்தத் தீர்மானத்தை எழுதியவர் லைல். அவர் இப்போது மார்வாவின் வலது காதுப் பக்கமாக வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

"டாக்டர் என்னென்ன சொன்னாரு?" என்று உரக்கக் கேட்டார். "மொதல்லேருந்து சொல்லு."