சாம்பல் ஆற்றில் பாடு

சுடுகிறது, முழங்கால் வரைக்கும், அப்போதுதான் வடித்த கஞ்சி மாதிரி, காலடியில் சேறு இல்லை, சாம்பல், விரலிடுக்கில் பிசுபிசுவென்று ஏறுகிற சாம்பல், தேசம்மாள் வலைக்கயிற்றைப் பிடித்தபடி ஆற்றில் நிற்கிறாள், இல்லை, நிற்கவில்லை, அது போன அமாவாசை, இப்போது அவள் உட்கார்ந்திருப்பது கோயிலுக்கு எதிரே, கிராமத்தார் கூடிய இடத்தில், ஆனாலும் கால் எரியத்தான் செய்கிறது.

பாடு என்றால் முறை, ஆற்றில் வலை கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள், அன்றைக்கு ஆறு அந்த வீட்டினுடையது, இன்னொருத்தன் கை வைக்க முடியாது, ஆண்பிள்ளை இல்லாத அவள் அப்பா தன் பாட்டை அவளுக்கு விட்டுப்போனார், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த மாசிலாமணி அந்த முறையில்தான் வலை கட்டினான், எப்பேர்ப்பட்ட இறால் அப்போது, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து தடவினால் விரலில் வந்து முட்டும், கெட்டியாப் புடிடி, மீச குத்தப் போவுது என்று அப்பா சிரிக்கிறார், அவருக்குப் பின்னால் புகைபோக்கி எழும்புகிறது, அப்பா இருந்தபோது புகைபோக்கி ஏது, இருந்தாலும் எழும்புகிறது, ஊருக்கெல்லாம் வெளிச்சம் தருகிற அனல் மின் நிலையமாம், நாசமாய்ப் போக, வெளிச்சம் பட்டணத்துக்கு, சாம்பல் இவர்களுக்கு. அந்தச் சாம்பலைச் சூடு ஆறாமலே தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள், குழாய் உடைந்தால் ஆறுதான் வாங்கிக்கொள்ளும், உடைப்பை அடைக்கிற ஒப்பந்த வேலைக்குத்தான் மாசிலாமணி போனான், நீலச் சட்டையும் மஞ்சள் தொப்பியுமாக மாப்பிள்ளைத் துரை வருகிறார் பார், அவள் பாடு நாளன்று குழாய் உடைந்தது அவனுக்கு விடியும்போதே தெரியும், சொல்லவில்லை. சூப்பர்வைசரு வெளிய சொல்லக்கூடாதுன்னாரும்மே, வேல பூடும் என்றான், கொப்புளம் கட்டிய காலுக்கு மருந்து தடவ வந்தபோது. கைய எடுய்யா என்றாள். அதற்குப் பிறகு அவன் தட்டில் சோறு விழுகிறது, பேச்சு விழுவதில்லை.

மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவன் வீட்டுக்குப் பாடு கிடையாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. தலைவர் கோதண்டம் தொண்டையைக் கனைக்கிறார், இன்னா தேசம்மா, வேலையா பாடா, ஒண்ணு சொல்லு. மாசிலாமணி முந்திக்கொள்கிறான், பாட்ட வுட்டுர்றோம்ணா, செத்த ஆத்துல இன்னா கீது, ஒரு நண்டு கூட மாட்ட மாட்டேங்குது. அவன் சொல்வது பொய்யில்லை, அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல், வேலையை விடச் சொல்லிப் பார்த்தாயிற்று, விட மாட்டான், பாட்டை விட்டாலோ நாளைக்கே ஆறு தெளிந்து இறால் திரும்பினாலும் அதில் இறங்க அவளுக்கென்று ஒரு நாள் இருக்காது, யாரோ வலை கட்டுவான், அவள் கரையில் நின்று வாயைப் பார்க்க வேண்டும்.

எழுந்தாள். பாடு எங்கப்பாவுது, வுட மாட்டேன் என்றாள். அப்போ அந்த வேல, என்றார் தலைவர். எங்க வூட்ல அந்த வேலைக்கிப் போறவங்க யாரும் இல்ல, என்றாள். கூட்டம் முழுக்க நீலச் சட்டையைத் திரும்பிப் பார்த்தது. ஏம்மே, நான் இன்னா செத்தா பூட்டேன், என்றான் மாசிலாமணி. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை, தலைவரைப் பார்த்தே சொன்னாள், இவரு எந்த வூடுன்னு எனக்குத் தெரியாதுண்ணா, அவரையே கேளுங்க.