பத்துக்கு எத்தனை

"பத்துக்கு எத்தனைம்மா வலி?" என்று பிசியோதெரபிப் பெண் கேட்டதும், முதலாளியம்மாவின் வாயிலிருந்து யோசனையே இல்லாமல் வந்த விலை எட்டு. கேட்ட மாத்திரத்தில் ஒரு தொகையைச் சொல்லிவிட வேண்டும், தயங்கினால் எதிராளி ஏறி உட்கார்ந்துகொள்வான் என்பது அப்பா கடையில் அவள் படித்த முதல் பாடம். நாம் எட்டு என்போம், அவன் நாலுக்குக் கேட்பான், இழுபறியில் ஆறுக்கு முடியும். உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று நம்பியே அறுபதைத் தாண்டிவிட்டாள். ஆனால் இந்தப் பெண் நாலுக்குக் கேட்கவில்லை. "எட்டா? சரிம்மா, இன்னிக்கு இதோட விட்டுடலாம்" என்று காலைப் பதமாக நீட்டி வைத்து, முட்டியின்மேல் ஐஸ் பையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போகிறவரைப் பார்த்தால் கடைக்காரருக்கு ஒரு சந்தோஷமும் கூடவே ஒரு சந்தேகமும் வரும். இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருக்கலாமோ? அடுத்த முறை ஒன்பது என்றாள்.

பாத்திரக்கடைப் பரணுக்கு ஏறி இறங்கியே தேய்ந்த முட்டி அது. எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்க வேண்டிய குருத்தெலும்பு சுத்தமாகக் காலி, எலும்பும் எலும்பும் நேருக்கு நேர் உரசிக்கொள்கின்றன என்று படத்தைக் காட்டினார் டாக்டர். அறுத்து, உலோக மூட்டு வைத்தாயிற்று. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதில் ஒரு ஜோக் கிடைத்துவிட்டது. "எவர்சில்வர்தானே? எடை போட்டுப் பாத்து வாங்கினீங்களா?" என்றார் எதிர்க்கடை அண்ணாச்சி. முதல் தடவை சிரித்தாள். அப்புறம் சிரிக்கவும் சலிப்பாக இருந்தது.

சலிப்புதான் பெரிய நோயாக இருந்தது. வலிகூட வரும், போகும். கழிப்பறைக்குப் போக வாக்கரைப் பிடித்து எழுவதற்கு முன்பே, போய்த் திரும்பி வந்த களைப்பு வந்துவிடும். வீடு கடைக்கு மேலேயே. மல்லாந்து கிடந்தால் கீழே நடக்கிற வியாபாரம் அப்படியே காதில் விழும். "கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று யாராவது ஆரம்பித்தாலே போதும், அவள் வீட்டுக்காரர் "சரி, நீங்களே சொல்லுங்க" என்று சரணடைந்துவிடுவார். அவள் வாக்கரால் தரையை ஓங்கி இடிப்பாள். கீழே அவரோ, "மேல வீட்ல ஏதோ வேலை நடக்குது. நீங்க எடுத்துக்குங்க" என்பார். இறங்கிப் போய் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தால்தான் இந்தக் கொள்ளை நிற்கும். அதற்குப் படி இறங்க வேண்டும். படி இறங்க முட்டி மடங்க வேண்டும்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று அவளை நாற்காலியோடு சேர்த்து இரண்டு சுமைக்காரர்கள் அண்டாவை இறக்குவதுபோல இறக்கினார்கள். டாக்டர் காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். பாதி வழிகூடப் போகாமல், துருப்பிடித்த கீல் மாதிரி நின்றுவிட்டது.

"உள்ளே தழும்பு இறுகிட்டு வருதும்மா. ரெண்டு வாரம் பாப்போம். அப்பவும் மடங்கலேன்னா, திரும்ப மயக்கம் குடுத்து நாங்களே மடக்க வேண்டியிருக்கும். அதுலயும் முழுசா வரும்னு சொல்ல முடியாது" என்றார்.

காரில் திரும்பும்போது வீட்டுக்காரர் மெதுவாக, "நீ எட்டுன்னா அது அஞ்சுன்னு எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனதுலேர்ந்து தள்ளுபடி போட்டுத்தானே கேட்டுக்கறேன். அந்தப் பொண்ணுக்கு யாரு சொன்னா?" என்றார்.

"அவளும் ஒரு வார்த்தை கொறைச்சுக் கேட்டிருக்கலாம்ல?"

"வலியையா?"

அவளுடைய வாயை அடைக்கிற மாதிரி அவர் பேசுவது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிகம்.

மறுநாள் அந்தப் பெண் வந்தபோது முகம் உப்பியிருந்தது. வழக்கமான "எப்படிம்மா இருக்கீங்க" இல்லை. பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு நேராக முட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உன்னைத் திட்டினாங்களா?"

"ஆஸ்பத்திரியில எங்க எல்லாரையும் நிக்க வச்சுக் கிழிச்சாங்கம்மா. ஏன் மடக்கலேன்னு. எட்டு, ஒம்பதுன்னு சொல்றவங்க காலை நான் எப்படி அழுத்தறது?"

"அது அஞ்சுதான்டி. சில நாள் நாலுகூட."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, ஆயாசம்தான். "என்கிட்ட போயாம்மா?"

"உன்கிட்டன்னு இல்ல. யார்கிட்டயும் அப்படித்தான்."

"சரி. இப்ப நெஜத்தைச் சொல்லுங்க. பத்துக்கு எத்தனை?"

முதலாளியம்மா வாயைத் திறந்தாள். எண் எதுவும் வரவில்லை. இந்த முட்டி வலியை அவள் ஆளுக்கொரு விலைக்குத்தான் விற்றிருக்கிறாள். நாத்தனாரிடம் "ஒண்ணுமில்ல, லேசா பிடிப்பு" என்றாள். இளக்காரமாகப் பார்க்கக் கூடாதே. வீட்டுக்காரரிடம் "உயிர் போகுது" என்றாள். அப்போதுதான் அவர் பரண் ஏறுவார். வாடிக்கையாளர்களிடம் மூச்சே விட்டதில்லை. எந்தச் சரக்கையும் அடக்க விலை தெரியாமல் அவள் கை மாற்றியதில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் அடக்கம் என்னவென்று பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஒருநாளும் எழுந்து நின்றிருக்க மாட்டாளோ என்னவோ.

"தெரியலம்மா. நீ அழுத்து. நான் நிறுத்துன்னு கத்தினாலும் நிறுத்தாத."

"அதெல்லாம் முடியாது. நீங்க நிறுத்துன்னா நான் நிறுத்திடுவேன். அதனால நெஜமாவே வேணும்னா மட்டும் சொல்லுங்க."

கட்டில் விளிம்பில் அவளை உட்கார வைத்து, தானும் எதிரே மண்டியிட்டு, ஒரு கையைக் கணுக்காலிலும் மறு கையைத் தொடைமேலும் வைத்தாள். கீழே ஷட்டரை இழுத்துவிட்டு வந்த வீட்டுக்காரர், கட்டிலைச் சுற்றி வந்து மனைவிக்குப் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார். குதிகால் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. முதலில் இழுப்பு, அப்புறம் எரிச்சல், அதற்கப்புறம் பெயர் வைக்க முடியாத ஒன்று. நீளத் தழும்பின்மேல் தோல் இழுபட்டு வெளுத்தது. "நிறு" வரைக்கும் நாக்கு வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்து அதை உள்ளேயே வைத்துக்கொண்டு, வேறு எதையாவது பார்க்க வேண்டும் என்று எதிரே இருந்த பீரோக் கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடியில், அவள் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தார். அவளுடைய கால் மடங்க மடங்க அவரும் தம்மை அறியாமல் முட்டி மடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டிருந்தார், ஏதோ பாதியை அவர் மடக்கிக் கொடுத்துவிடலாம் என்பதுபோல. எங்கிருந்தோ சடக்கென்று ஒரு சத்தம். அந்தப் பெண் பதறி அவள் காலைப் பார்த்தாள். சத்தம் அந்தக் காலிலிருந்து வரவில்லை. முதலாளியம்மா கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்காரரின் ஒரு கை அவள் தோளை விட்டுவிட்டு, நிமிர்ந்து நிற்பதற்காக, பின்னால் சுவரைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.